வசனம் எடுத்துக்கொடுத்தவள்

நாடகக் கம்பெனியில் அவளை எல்லோரும் ஞாபகத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேடைக்கு இடது பக்கம், திரைத் துணியின் மடிப்புக்குள் ஒரு முக்காலி. அதுதான் அவள் உத்தியோகம். நடிகர்கள் வசனத்தை மறந்து திருதிருவென்று முழித்தால் அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்க வேண்டும். சொல்ல எளிது. மேடையில் நிற்பவன் காதில் விழ வேண்டும், முதல் வரிசையில் கடலை கொறிப்பவன் காதில் விழக் கூடாது. அப்படி ஒரு குரல் அவளுக்கு வாய்த்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தவள், தலை நரைத்த பிறகும் அந்த முக்காலியை விடவில்லை. கையில் பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. கம்பெனியின் அத்தனை நாடகமும் அவள் தலைக்குள்ளேயே இருந்தது.

அவள் புருஷன் அதே கம்பெனியில் சிரிப்பு நடிகர். தலையில் முடி இல்லாததால் ஊருக்கெல்லாம் மொட்டை. வெளியில் புலி, வீட்டில் எலி என்பார்களே, அவர் வெளியிலும் எலிதான். தெருவில் போலீஸ் ஜீப் போனால் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளறைக்கு நகர்ந்துவிடுவார். மறதி வேறு. குடை, சாவி, மூக்குக்கண்ணாடி எல்லாம் போக, ஒருமுறை பெற்ற மகளையே துணிக்கடையில் விட்டுவிட்டு வந்தவர்.

"உங்க தலைக்கு வெளியிலதான் ஒண்ணும் இல்லன்னு பாத்தா, உள்ளயும் காலிதானா?" என்று அவள் திட்டுவாள்.

"நான் எதுக்கு ஞாபகம் வெச்சுக்கணும்? அதுக்குத்தானேடி உன்னைக் கட்டிக்கிட்டேன்," என்பார்.

மேடையிலும் அதே கதைதான். மறந்துபோனால் அவர் பதறவே மாட்டார். அவள் உதடு அசைந்த மறுகணம் அவர் வாயிலிருந்து வசனம் வந்துவிடும். நடுவில் யோசனைக்கு வேலையே இல்லை. சம்சாரம் பேசுகிறாளா புருஷன் பேசுகிறாரா என்று கம்பெனியில் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் பிறந்ததே சரியில்லை. ஊர்வலம், கல்வீச்சு, பஸ் எரிப்பு எல்லாம் ஆகி, பழைய அரசாங்கம் கவிழ்ந்து, ஒரு காலை தளபதி ரேடியோவில் பேசினார். ஆறே மாதம், நாட்டை ஒழுங்குபடுத்திவிட்டுத் திரும்பிப் போய்விடுவேன் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், மொட்டையும்தான் தட்டினார். ஆறு மாதம் போயிற்று. தளபதி போகவில்லை. போகாததோடு, புதிதாக வீட்டுக்கு வீடு ஒரு வரியும் போட்டார்.

கம்பெனியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு விருந்தாளியைப் பற்றிய நாடகம். தளபதி டவுசர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் எழுதியது. ஒரு வீட்டுக்கு வந்தவர் முதலில் நாற்காலியைப் பிடிக்கிறார், பிறகு கட்டிலை, பிறகு சாவிக்கொத்தை. வீட்டுக்காரராக வரும் மொட்டை சபையைப் பார்த்துச் சொல்வார்: "பத்து நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தவரு, இப்ப என்கிட்டயே வாடகை கேக்கறாரு!" இத்தனை வருஷமும் அதற்கு ஒரு சின்னச் சிரிப்பு விழும், அவ்வளவுதான். வரி வந்த வாரம் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மொட்டைக்குத் தலைகால் புரியவில்லை. தன் அருமை ஒருவழியாக ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஜனங்கள் கைதட்டியது அந்த விருந்தாளியைத் தளபதி என்று நினைத்துத்தான் என்று, வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் விஷயத்தை உடைத்தாள். வீடு வந்ததும் அவர் ஜன்னல்களையெல்லாம் சாத்தினார்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அந்த மாதம் இதைவிடச் சின்ன நையாண்டிக்காக முடிவெட்டுகிறவர் ஒருவரைக் கொண்டுபோயிருந்தார்கள். ஆள் திரும்பவில்லை.

கம்பெனி முதலாளி இருந்த பிரதிகளையெல்லாம் கேன்டீன் அடுப்பில் போட்டு எரித்தார். அப்படி ஒரு வசனம் நாடகத்தில் இல்லவே இல்லை, யாரோ கதை கட்டியிருக்கிறார்கள் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வதென்று முடிவாயிற்று. விருந்தாளி வீட்டுக்கு வருவது குற்றமில்லையே! அந்த இடத்தில் வேறு என்ன வசனம் என்று கேட்டால் சொல்ல ஒன்று வேண்டும். ஞாபகத்தக்காவே அதையும் யோசித்துக் கொடுத்தாள்: "இப்ப காப்பியில சர்க்கரை பத்தலைங்கறாரு!"

காலையில் பல் தேய்க்கும்போது ஒருதரம், சாப்பிடும்போது ஒருதரம், அவள் அவரை விடவில்லை.

"வந்தவரு?" என்பாள்.

"சர்க்கரை பத்தலைங்கறாரு."

"இன்னொரு தடவை."

"போதும்டி. கனவுலகூட சர்க்கரைதான் வருது."

"வரட்டும். உசிரு அதுல இருக்கு."

கோர்ட்டுகளில் இடமில்லாததால் விசாரணையை அவர்கள் நாடகக் கொட்டகையிலேயே வைத்தார்கள். அதிகாரியின் மேஜை மேடைமேல் போடப்பட்டிருந்தது. சுற்றிலும் சிப்பாய்கள். கம்பெனிக்காரர்களைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். வயதானவள் என்று ஒரு சிப்பாய் இரக்கப்பட்டு, அவளை மட்டும் உட்காரச் சொன்னான். அவள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பையன் இரக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

அதிகாரி கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. மெதுவாகப் பேசினார்.

"அப்படி ஒரு வசனம் இல்லைன்னு எல்லாரும் சொல்றீங்க. சரி. நான் நாடகம் பாத்ததில்ல. அந்தக் காட்சியை நடிச்சுக் காட்டுங்களேன்," என்றார்.

மொட்டை ஆரம்பித்தார். முதலில் குரல் நடுங்கியது. பிறகு ஒரு சிப்பாய் களுக்கென்று சிரித்தான். ஒரு சிரிப்பு கிடைத்தால் போதுமே அந்த மனுஷனுக்கு! பயம் எங்கே போயிற்றோ, ஆள் மேடை முழுக்க நிறைந்துவிட்டார். இல்லாத விருந்தாளிக்கு நாற்காலி போட்டார், கட்டிலைப் பறிகொடுத்தார், சாவியைத் தேடி இடுப்பைத் தடவினார். சிப்பாய்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் முன்னால் வந்து நின்று ஆரம்பித்தார்.

"பத்து நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தவரு…"

நின்றுவிட்டார். மறந்துபோயிற்று. சர்க்கரை போன இடம் தெரியவில்லை. சிரிப்பு அடங்கி, கொட்டகை நிசப்தமாக இருந்தது. அவர் கண் மட்டும் இடது பக்கம் அலைந்தது.

மேடையில் விழும் மௌனத்தை அவளால் தாங்க முடியாது. ஆயுசு முழுக்க அதை நிரப்புவதற்குத்தான் அவள் சம்பளம் வாங்கினாள். அவள் யோசிக்கவில்லை. உதடு தானாக அசைந்தது.

"இப்ப என்கிட்டயே வாடகை கேக்கறாரு."

அது முதல் வரிசைக்குக் கேட்காத குரல்தான். ஆனால் அதிகாரி மேடைமேல் அல்லவா உட்கார்ந்திருந்தார்! அதுகூடப் போகட்டும், காதில் விழவில்லை என்று அவர் விட்டிருக்கவும் கூடும். மொட்டை விடவில்லை. அவள் கொடுத்தாள், அவர் வாங்கினார். கையை விரித்து, புருவத்தைத் தூக்கி, வயிற்றிலிருந்து குரலெடுத்து முழங்கினார்.

"இப்ப என்கிட்டயே வாடகை கேக்கறாரு!"

சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். மொட்டையின் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சிரிப்பு விழுந்ததில்லை. ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகுதான் புரிந்தது.

"நல்ல வசனம். இல்லவே இல்லைன்னீங்களே," என்றார் அதிகாரி, இன்னும் சிரித்துக்கொண்டே.

திரைப் பக்கமாகத்தான் அவரைக் கூட்டிப்போனார்கள். அவள் எழுந்து நின்றாள். அவர் அவளைத் தாண்டும்போது திட்டவில்லை, அழவில்லை.

"சர்க்கரைடி," என்றார். "சர்க்கரைன்னு சொல்லக் கூடாதா?"

அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. எங்கெங்கோ அலைந்து கேட்டபோது அப்படி ஒரு ஆளே தங்களிடம் இல்லை என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குக் கூப்பிட்டு உடம்பைக் கொடுத்தார்கள். மாரடைப்பு என்றார்கள். முகமெல்லாம் மாரடைப்பு வந்து செத்த ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

வருஷம் முடிவதற்குள் தளபதி குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார். ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வீரர்கள் தேவைப்பட்டார்கள். எதிரியின் முகத்துக்கு நேரே நின்று அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு உயிரைவிட்ட நடிகர் என்று மொட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜீப்பைப் பார்த்தாலே தட்டோடு ஓடிய மனுஷனின் முகம் சுவரெல்லாம் முஷ்டி உயர்த்திக்கொண்டு நின்றது. தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் மகளுக்குப் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். நடந்தது என்னவென்று மகளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பெற்றவளுக்கு வாய் வரவில்லை. கம்பெனிக்காரர்களுக்கோ, வீரனின் தோழர்களாக இருப்பதில் சௌகரியம் இருந்தது.

அதே கொட்டகையில் பாராட்டு விழா வைத்தார்கள். பிரதியை எரித்த முதலாளி, "பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம் என்று நான் சொன்னேன்!" என்று மைக்கில் முழங்கினார். பிறகு அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். ஆயுசில் முதல்முறையாக அவள் சபையைப் பார்த்து நின்றாள்.

"அவரு வீரன் இல்லீங்க. பயந்தாங்கொள்ளி," என்றாள். கூட்டம் அன்போடு சிரித்தது. "வேற வசனம் சொல்லணும்னுதான் பேசி வெச்சிருந்தோம். அவருக்கு வாழணும்னு ஆசை. மறந்துட்டாரு. நான் தப்பா எடுத்துக்குடுத்துட்டேன். அவரைக் கொன்னது நான்தான். தயவுபண்ணி கேளுங்க…"

முதலாளி பாய்ந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்கள் இந்தத் தாயை! துக்கத்தில் தன்னையே பழித்துக்கொள்கிறார்!" என்றார். கொட்டகை எழுந்து நின்று கைதட்டியது. யாரோ பூங்கொத்தைத் திணித்தார்கள். முன்வரிசையில் மகள் மட்டும் கைதட்டவில்லை.

வீடு வந்ததும் மகள் விளக்கைப் போட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நீ சொன்னது நெசமாம்மா?"

"நெசம்."

மகள் அழுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று அவள் காத்திருந்தாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்," என்றாள் மகள். "ரெண்டு தடவையும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.