எழ விடாத சோபா

சோபாவுக்குள் வைக்கும் பஞ்சைக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் ரொட்டித் துண்டு அளவுக்கு ஸ்பாஞ்சுகளை வெட்டி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, உள்ளங்கையால் ஒரு அமுக்கு. அமுங்கினது மெதுவாக மேலே வந்துவிட்டால் போதும், முகமெல்லாம் பல்லாகிவிடும். இதையே போட்டுவிடுங்கள் என்பார்கள். ஏன் ஐயா, நாளைக்கு அதில் உட்காரப் போவது உங்கள் கட்டைவிரலா?

நான் ஜுரு என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவள். தினமும் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிக் கடல் பாலம் தாண்டிப் போவேன். அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: வாங்குகிறவன் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவானோ அப்படித்தான் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கதவு என்றால் திறந்து மூட வேண்டும், பொத்தான் என்றால் அமுக்க வேண்டும். சோபா என்றால் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

போன வருடம் எனக்கு வலது முழங்காலில் மாற்று மூட்டு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுத்த பெண் என்னையும் என் வீட்டுக்காரரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, உட்காரும் இடம் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், பள்ளமாக அமுங்குகிற எதிலும் உட்காரவே கூடாது என்று மூன்று முறை சொன்னாள். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் எட்டாவது மாடி. கூடத்தில் இருக்கும் தேக்கு மரச் சோபா என் முதல் போனஸில் வாங்கியது. சட்டம் இன்னும் கல் மாதிரி இருக்கிறது, உள்ளே இருந்த ஸ்பாஞ்சுதான் தூள் தூளாக உதிர ஆரம்பித்திருந்தது. நான் சாப்பாட்டு மேசை நாற்காலியிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முன்னால் புதுசாக அடைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆனால் நான் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு காலை நேரத்தில் அவர் சோபாவை லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். கோலாலம்பூரில் இருக்கும் மகள் போனிலேயே துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தாளாம். எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டுமாம்.

அதிர்ச்சிக்குக் குறைவில்லை. பத்து நாள் கழித்துச் சோபா வந்தது. பார்க்க ராஜா வீட்டுச் சோபா, தவிட்டு நிறம், மேலே கண்ணாடித்தாள் கூடப் பிரிக்கவில்லை. ஆசையாகத்தான் போய் உட்கார்ந்தேன். போனேன், போனேன், போய்க்கொண்டே இருந்தேன். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றன. கையை ஊன்றினால் கையும் உள்ளே போகிறது. கண்ணாடித்தாள் வேறு சர்ரென்று வழுக்கிற்று. எழுந்திருக்க முடியவில்லை என்றேன். அவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டு, “கொஞ்ச நாள்ல பழகிடும்லா” என்றார். எதற்குப் பழக வேண்டும்? தூக்கிவிடப்படுவதற்கா?

அமுக்கிப் பார்த்திருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பளைங்க கடைக்குப் போனால் இப்படித்தான், தர்ப்பூசணியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவார்கள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நல்ல நாள் வருகிறது, சண்டை வேண்டாம் என்றிருந்தது.

தீபாவளியன்று சம்பந்தியம்மா வந்தார். மகளும் மருமகனும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தப் பாழாய்ப்போன சோபாவில் இருந்தேன். வாசலில் சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றுகிறார். வீட்டுக்காரி எழுந்து போய் வாங்க என்று சொல்ல வேண்டாமா? நான் முன்னால் சாய்ந்தேன், பக்கவாட்டில் சாய்ந்தேன், கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். இடுப்பு அசையவில்லை. கடைசியில் மருமகன் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்க, முறுக்கெல்லாம் தரையில் கொட்டிற்று. பட்டுப் புடவையோடு இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு சம்பந்தியம்மாவுக்கு வணக்கம் சொன்னேன். அவர் ஓடி வந்து என் கன்னத்தைத் தடவி, “இனிமே நீங்க எதுக்கும் எந்திரிக்காதீங்க. உக்காந்த எடத்துக்கே எல்லாம் வரும்” என்றார். பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு வயது ஐம்பத்தெட்டு.

அன்றிலிருந்து உண்மையாகவே எல்லாம் வர ஆரம்பித்தது. தேத்தண்ணி வந்தது, தட்டு வந்தது, மருந்து வந்தது. டிவி ரிமோட்டை என் கையில் வைத்தார்கள். மகள் ஊருக்குத் திரும்பும் முன் இணையத்தில் கம்பியில்லாத ஒரு அழைப்பு மணி வாங்கினாள். மணியைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு, பொத்தானை என் பக்கத்தில் வைத்தாள். ஏதாவது வேண்டுமென்றால் அமுக்கணுமாம், அப்பா வருவாராம். நான் அதை எடுத்து மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டேன். பயிற்சிப் பெண் சொன்ன நடையெல்லாம் பாதிக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் தூக்கிவிடு என்று கேட்பதற்குப் பதில் உட்கார்ந்தே இருந்துவிடலாம் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்ததுதான் கொடுமை. மூன்று வாரத்தில் கால் மறுபடி விறைத்துக்கொண்டது. இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனால் அந்த ஆபரேஷனே வீண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரத்தில், சோபா பக்கமே போகாமல் சாப்பாட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டே புடவை மாற்றிக்கொண்டு, போனில் வாடகைக் கார் அழைத்து நானே கடைக்குப் போனேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. கடை முதலாளியான தவுக்கே ஒரு சீனர், என் வயதுதான் இருக்கும், வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஒரு நாற்காலிக்குத் துணி அடித்துக்கொண்டிருந்தார். நான் ஊன்றுகோலைத் தரையில் தட்டி, தெரிந்த மலாயில் பொரிந்து தள்ளினேன். கால் ஆபரேஷன் ஆன வீட்டுக்குப் பஞ்சு மிட்டாயை அடைத்துக் கொடுத்திருக்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லையா என்று கேட்டேன்.

அவர் ஆணிகளைத் துப்பிவிட்டு நிதானமாக என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். நல்ல கெட்டி நாற்காலி. பிறகு மலாயில் சொன்னார். கெட்டி ஸ்பாஞ்சு போடச் சொல்லித்தான் அவரும் எடுத்துச் சொன்னாராம். என் வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றாராம். இருந்த ஐந்து வகையையும் ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வைக்கச் சொன்னாராம்.

“எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தாரா?” என்றேன்.

“அமுக்கல ஆன்ட்டி. ஒவ்வொண்ணுலயும் உக்காந்தாரு. வலது கால மடக்காம நீட்டி வச்சுகிட்டு எந்திரிச்சுப் பாத்தாரு. நாலுல எந்திரிச்சிட்டாரு. இதுல எந்திரிக்க முடியல. அப்போ இதையே போடுன்னாரு.”

 இத்தனை வருடமாகக் கடைகளில் யாரும் செய்து நான் பார்க்காத சோதனையை அவர் செய்திருக்கிறார். என் காலை மாதிரியே தன் காலை நீட்டி, என்னை மாதிரியே உட்கார்ந்து, எதிலிருந்து நான் எழ முடியாதோ அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். தரச் சோதனையில் கூட இவ்வளவு சரியாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவசரத்திலும் அறியாமையிலும் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இது தெரிந்தே செய்தது. 

வீட்டுக்கு வந்தால், காலிச் சோபாவைப் பார்த்துப் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டிலெல்லாம் விசாரித்துவிட்டு வாசலில் நிற்கிறார் மனுஷன். எங்கே போனாய் என்று கேட்டார். கடைக்கு என்றேன். எந்தக் கடை என்று கேட்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. நான் நின்றபடியே கேட்டேன்.

“என்னை முடமாக்கி வைக்கணும்னு எத்தனை நாளா நெனச்சிருந்தீங்க?”

 அவர் சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அன்னைக்கு நீ அங்க கெடந்தியே. முக்கா மணி நேரம். நான் கீழ ரொட்டி சானாய்க் கடையில உக்காந்து கதை பேசிட்டு இருந்தேன். இன்னொரு தடவை அப்படி வந்து பாக்க என்னால முடியாது.”

ஆபரேஷன் ஆன இரண்டாவது மாதம் நான் சமையலறையில் வழுக்கி விழுந்தது உண்மைதான். படம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்றார்கள். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. எத்தனை நாள் அதை வாயைத் திறந்து சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்தாரோ. பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாவத்தை விடக் கோபம்தான் பெரிதாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. பயம் அவருடையது, கால் என்னுடையது. அவர் பயப்படக் கூடாது என்பதற்காக நான் சாகிற வரைக்கும் பள்ளத்தில் கிடக்க வேண்டுமா? விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன், உட்கார்த்தி வைக்க என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கத்தினேன். எட்டாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தவுக்கே எங்களைப் பார்த்ததும் ஐந்து ஸ்பாஞ்சையும் தானாகவே எடுத்து வைத்தார். இலவம்பஞ்சு ஒரு மூட்டையும் இருந்தது, இயற்கையானது, குளிர்ச்சி என்றார். ஒரு மாதத்தில் கட்டி தட்டிப் பள்ளமாகிவிடும் என்று நானே ஒதுக்கினேன். ஒவ்வொன்றாக உட்கார்ந்தேன், ஊன்றுகோலைத் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டுக் கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தேன். நாற்காலி பழுதுபார்க்க வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். முதல் கெட்டி ரகத்தில் இரண்டு தடவை தடுமாறினேன். அதற்கடுத்த ரகத்தில் ஒரே மூச்சில் எழுந்தேன். அதையே இரண்டு அங்குலம் உயரமாகப் போடச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பலகை மாதிரி இருக்கே என்று முனகினார். கையை எடுக்கச் சொன்னேன்.

சோபா திரும்பி வந்த அன்று கண்ணாடித்தாளை நானே கத்திரிக்கோலால் கிழித்தெறிந்தேன். பழைய மெத்தையின் அடியில் சொருகியிருந்த அழைப்பு மணிப் பொத்தானை அவர் எடுத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தார். என்னிடம் தயங்கித் தயங்கி நீட்டினார். வாங்கி, வீட்டில் போடும் கவுனின் பையில் போட்டுக்கொண்டேன். சுவரில் இருந்த மணியைக் கழற்றிக் கூடத்தில் சோபாவுக்கு மேலே மாட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் மாட்டினார்.

சாயங்காலம் சோபாவிலிருந்து எழுந்தேன். பழக்கத்தில் அவர் இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நிற்க, நான் அவரைத் தாண்டிச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். தேத்தண்ணி கொதித்ததும் இரண்டு குவளையில் ஊற்றிவிட்டுப் பையில் இருந்த பொத்தானை அமுக்கினேன். கூடத்தில் மணி அலறிற்று. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக அவர் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சமையலறை வாசலில் நின்று என்னைக் கண்டுபிடிக்க முதலில் தரையைத்தான் பார்த்தார்.

“மேல பாருங்க, நின்னுகிட்டுதான் இருக்கேன்” என்றேன். “தேத்தண்ணி ஆறுது.”