இந்தச் சவரக் கத்தி தேறுமுங்களா?

துரு பிடித்த சவரக் கத்தியைப் பார்த்ததும் எல்லாருக்கும் துருதான் கண்ணில் படும். அதற்கு அடியில் இரும்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழில். கணபதி ஏரியாவில் என் வீட்டுக்காரர் லேத் ஓட்டுகிறார். அடுத்த அறையில் நான் சாணை பிடிக்கிறேன். பட்டறைகளின் கட்டர், டெய்லர்களின் கத்திரிக்கோல் என்று போய்க்கொண்டிருந்த வேலையில், பையன்கள் தாடியை விதவிதமாகச் செதுக்க ஆரம்பித்த பிறகு, மடக்குகிற பழைய சவரக் கத்திகளும் வந்து சேர்ந்தன. வீட்டு அலமாரியில் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, எறியவும் மனசு வராமல், தொடவும் பயந்துகொண்டிருப்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நம் கூட்டம் பெரிசு.

தாடித் தம்பி

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஆன்லைனில் ஏலம் எடுத்த கத்தியைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே வந்ததும் எல்லாரும் கேட்பது போலவே, "சார் இல்லீங்களாக்கா?" என்றார். "சார் லேத்துல நிக்கறாரு. கத்தி நான்தான் பார்க்கறது" என்றேன். தயங்கித் தயங்கித்தான் கையில் கொடுத்தார்.

நான் முதலில் பார்ப்பது விரிசல். கூர் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு விரிசல் ஓடியிருந்தாலும் அந்தக் கத்தி ஆகாது. கன்னத்தில் வைத்திருக்கும்போது சில்லு பெயர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கத்தியில் துரு கொஞ்சம்தான், ஆனால் நுனிக்குப் பக்கத்தில் விரிசல் இருந்தது. லென்ஸைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம் தீட்டினால் சரியாகாதா என்று கேட்டார். ஆகாது, அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். திரும்பவும் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்கக்கா, விரிசல் தெரியாத பக்கமா வெச்சு வீடியோ எடுத்துக்கலாமுங்களா?"

ஆசிட் வைத்தியம்

துரு மேலோடு இருந்தால் எண்ணெயும் உப்புத்தாளும் போதும். துரு தின்று கூர் ஓரத்தில் குழி விழுந்திருந்தால், அந்தக் குழி மறையும்வரை தேய்ப்பதற்குள் கத்தியே தேய்ந்து தீர்ந்துவிடும். இதை ஒருத்தர் போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, துரு போய்விட்டால் குழி இருக்கிறதா என்று பார்க்க எனக்குச் சுலபமாக இருக்குமே என்று, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டில் கத்தியை ஊறப் போட்டுவிட்டார். மறுநாள் கொண்டுவந்தபோது அது கரித்துண்டு மாதிரி இருந்தது. கூர் இருந்த இடம் ரம்பம். துருவோடு கத்தியும் போய்விட்டதே என்றேன். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. "அத உடுங்க, துரு போச்சல்லங்க?"

யானை கொடுத்த கத்தி

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கவுண்டர் ஒருவர் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். யானை வந்து மோட்டார் ரூம் சுவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. செங்கல்லை அள்ளும்போது இந்த டப்பா கிடைத்ததாம். உள்ளே அவருடைய ஐயன், அதாவது அப்பா, உபயோகித்த சவரக் கத்தி. மேலே செம்மண் பூசினது போலத் துரு. ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். அடியில் இரும்பு பளிச்சென்று வந்தது. விரிசல் இல்லை, குழி இல்லை. இப்படி ஒன்று எப்போதாவதுதான் கைக்கு வரும். ரொம்ப நல்லா வருமுங்க, கண்ணாடி மாதிரி பண்ணித் தருகிறேன் என்று சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கூர் மட்டும் வெச்சுக் குடு அம்மணி, துரு மேல அப்படியே இருக்கட்டும், பளபளன்னு இருந்தா எங்கண்ணன் பங்கு கேட்டுப்போடுவான்."

பெருந்துறை அக்கா

இவர் பெருந்துறையில் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். அவருடைய அப்பா சலூன் கடை வைத்திருந்தவர். இப்போது அப்பாவுக்கு ஞாபகம் தவறிவிட்டது. காலையில் எழுந்ததும் கடை திறக்க வேண்டும், கத்தி எங்கே என்று தேடுகிறார். அதற்கு முந்தின மாசம் காய் நறுக்கும் கத்தியை எடுத்து, பக்கத்து வீட்டுப் பெரியவர் கன்னத்தில் வைத்துவிட்டார். தையல் போடும்படி ஆகிவிட்டது. பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிக் கொடுத்தால், கனமே இல்லை என்று எறிந்துவிட்டாராம். அவருடைய பழைய கத்தியை மகள் பாத்ரூம் பரணில் ஒளித்து வைத்திருந்தார். அங்கேதான் துரு ஏறியிருக்கிறது.

பார்த்தேன். அருமையான கத்தி. தாராளமாகத் தேறும் என்றேன். "தேற வேண்டாமுங்க. துருவ எடுத்துப்போட்டு, கூரையும் எடுத்துருங்க. யாரு மேல வெச்சாலும் வெட்டக் கூடாது" என்றார். கூர் வைக்கிற கையால் கூரை எடுப்பது எனக்குப் பழக்கமில்லை. அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். துருவைத் தேய்த்தேன், பிடியைத் துடைத்தேன், மடக்கும் இடத்தில் எண்ணெய் விட்டேன். பிறகு கூர் ஓரத்தைக் கல்லில் நேராக நிறுத்தி இழுத்து மழுங்கடித்தேன். அவர் அதைத் தன் முன்கையில் அழுத்தி ஓட்டிப் பார்த்தார். ஒரு கோடுகூட விழவில்லை. அதற்கப்புறம்தான் பைக்குள் போட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சில வாரம் கழித்துக் கூப்பிட்டு அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். கத்தியைக் கையில் வாங்கியதுமே அடையாளம் தெரிந்துகொண்டாராம். விரித்து, கட்டை விரலில் வைத்துப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தோல் வாரை ஜன்னல் கம்பியில் மாட்டிக் காலையும் மாலையும் தீட்டுகிறார். கல்லில் போன கூர் தோலில் திரும்பாது. பக்கத்து வீட்டுப் பெரியவரே தைரியமாக வந்து எதிரில் உட்கார்ந்தபோதும், கூர் இல்லாத கத்தியை ஆள் மேல் வைக்க மாட்டேன், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டாராம். நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று மகள் சொன்னார். போனை வைக்கப் போனவர் நிறுத்தி, அப்பா உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னார், தப்பா நினைக்காதீங்க என்றார். "இதத் தீட்டுனவனுக்குத் தொழில் தெரியாது, வேற வேலையப் பாக்கச் சொல்லு."

அதனால் இப்போதெல்லாம் யாராவது கத்தியை நீட்டித் தேறுமா என்று கேட்டால், எதுக்குத் தேறோணுமுங்க என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு அது சவரத்துக்கு இல்லை.