கரிக்கையின் கண்காட்சி

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லாரும் விழிப்பார்கள். கரிக்கை என்று கேட்டால் உடனே படங்களுக்குப் பிரேம் போடும் கடையைக் காட்டுவார்கள். அங்கே பகல் முழுக்க மற்றவர்களின் கல்யாணப் படங்களுக்கும் பட்டமளிப்புப் படங்களுக்கும் கண்ணாடி வெட்டுவாள், அட்டை வெட்டுவாள், மூலை பிசகாமல் ஆணி இறக்குவாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு வேலை முடிந்ததும் சமையலறை மேசையில் தாளை விரித்துக் கரியால் வரைய உட்கார்ந்துவிடுவாள். விரல் இடுக்கில் ஏறிய கருப்பு எந்த சோப்புக்கும் மசியாது. அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் கையில் கிரீஸ் கருப்பு. இந்த வீட்டுக்கு வெள்ளைத் துண்டு வாங்கி வருகிறவனுக்குத்தான் புத்தி மழுங்கியிருக்க வேண்டும் என்பான்.

சுவரில் மாட்ட மற்றவர்களுக்கு ஆயிரம் படம் கட்டிக் கொடுத்தவளுக்கு, தான் வரைந்ததை ஒரே ஒரு தடவையாவது பொதுச் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். கீழ்த்தளத்தில் குடியிருந்த நாத்தனாருக்கு மட்டும் அது எப்படியோ தெரிந்துவிட்டது. நூலகத்து மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, கேட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று அவள்தான் போய் நூலகரிடம் பேசி முடித்துவிட்டு வந்தாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் காரியக்காரி.

என்ன வரைவது என்பதில் கரிக்கைக்குக் குழப்பமே இல்லை. ஊருக்கு வெளியே, பேருந்து திரும்பி வரும் இடத்துக்கு அப்பால், ஒரு காட்டுச் சரிவு இருந்தது. சிற்பிகள் சிலர் ஒன்றுகூடித் தங்கள் சிலைகளை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பாத்தி கட்டிப் புல் வெட்டிய பூங்கா இல்லை அது. கொடி ஏறினால் ஏறட்டும், கரையான் தின்றால் தின்னட்டும் என்று விட்டுவிடுவதுதான் அங்கே முறை. விழுந்ததைத் தூக்கி நிறுத்த மாட்டார்கள். உடைந்ததை ஒட்ட மாட்டார்கள். கல்லும் இரும்பும் மரமும் தங்கள் வேகத்தில் காட்டோடு கலந்துகொண்டிருந்தன.

போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து விடுமுறை நாளெல்லாம் அவள் அங்கேதான். வாசலில் ஒரு காவலாளி இருந்தார். கையில் தாள் சுருட்டோடு ஒரு பெண் தனியாக வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை ஆரம்பத்தில் சந்தேகமாகப் பார்த்தவர், பிறகு தன் பிளாஸ்கிலிருந்து அவளுக்கும் டீ ஊற்றித் தர ஆரம்பித்தார். அவள் தன் கரியைத் தானே சுட்டுக்கொள்கிறவள். சுள்ளிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஒரு துளை போட்டு, நெருப்பில் வைப்பாள். துளையிலிருந்து வரும் புகை நின்றதும் இறக்கி, ஆறும்வரை திறக்காமல் வைத்தால் உள்ளே கரி. அவசரப்பட்டுத் திறந்தால் சாம்பல். இந்தக் காட்டை இந்தக் காட்டின் கரியாலேயே வரைய முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னபோது காவலாளி கொஞ்சம் யோசித்தார். கீழே கிடக்கிற சுள்ளியைப் பொறுக்கிக்கொள்ளலாம், ஆனால் சிலைகளுக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் தொட வேண்டாம் என்றார். அவள் தலையாட்டினாள்.

சிலைகளில் அவளுக்கு உயிர் ஒன்றின் மேல்தான். ஒரே அடிமரத்தில் செதுக்கிய பெண் உருவம். தரையிலிருந்து எதையோ எடுக்கப் போகிறவளைப் போலக் குனிந்திருந்தது. வலது கை முழங்கையோடு நின்றுவிட்டிருந்தது. அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள் என்று கரிக்கை நினைத்துக்கொண்டாள். எடுக்கக் கையில்லாமல் குனிந்து நிற்பது அவளை என்னவோ செய்தது. எத்தனையோ தாளில் முயன்றும் அந்த முதுகு வளைவு பிடிபடவில்லை. சுள்ளிக் கரி வெளிறிப்போய்ப் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

ஒரு மாலை, புறப்படும் நேரத்தில், சிலையின் காலடியில் இலைச் சருகுக்குள் ஒரு கட்டை அவள் காலில் இடறியது. காய்ந்து லேசாகி, ஆனால் இறுகின மரம். காவலாளி சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. சிலையைத் தொடவில்லையே, தரையில் கிடப்பதைத்தானே எடுக்கிறோம் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். மண் அப்பியிருந்த கட்டையை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துப் பைக்குள் போட்டாள்.

டப்பாவைத் திறந்ததும் ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். அப்படி ஒரு கருப்பை அவள் சுட்டதே இல்லை. ஒரு துண்டின் முனை நாலாகப் பிரிந்திருந்தது. அதில் ஒன்றின் நுனியில், மண்ணெல்லாம் உதிர்ந்து போன இடத்தில், நகம் மாதிரி வழவழப்பாக ஒரு தட்டை. கரி மரத்தின் வடிவத்தை மாற்றாது. எப்படி இருந்ததோ அப்படியே சுருங்கிக் கறுக்கும். அது அவளுக்குத் தெரியாததில்லை. நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் மேசையில் தாள் விரித்துக் கிடந்தது, அந்த முதுகு வளைவு அப்போதுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. கிளை பிரிந்த இடமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, மறுபடி பார்க்காமல், அந்த நாலில் ஒன்றை ஒடித்து வரைய ஆரம்பித்தாள்.

படம் வந்துவிட்டது. அவள் வாழ்நாளில் வரைந்தவற்றில் அதுதான் படம்.

நூலகத்து மாடியில் அதை நடுச் சுவரில் மாட்டினாள். வாசலில் ஓர் அட்டையில், இந்தப் படங்கள் அந்தக் காட்டிலேயே பொறுக்கிய சுள்ளிகளைக் கரியாக்கி வரைந்தவை என்று அழகான எழுத்தில் எழுதி வைத்தாள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்த அட்டையிடம்தான் நின்றார்கள். ஆகா என்றார்கள். நாத்தனார் தன் தோழிகளைத் திரட்டிக்கொண்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்ன அண்ணி, எல்லாமே கருப்பா இருக்கு? கரண்ட் போனப்ப வரைஞ்சீங்களா?"

தோழிகள் சிரித்தார்கள். கரிக்கையும் சிரித்தாள். நடுச் சுவர்ப் படத்தின் முன்னால் வந்ததும் நாத்தனார் கேலியை நிறுத்திவிட்டு, இதைப் பார்த்தால் தன் இடுப்பு வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். கரிக்கைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை.

மறுநாள் பிற்பகல் ஒரு பெண் வந்தாள். கரிக்கையின் வயதுதான் இருக்கும். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு. மற்ற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் நடுச் சுவரில் நின்றாள். நின்றவள் நகரவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிலையைச் செதுக்கியது தான்தான் என்றாள். தன் வேலையை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தவர் இதுவரை யாருமில்லை என்று கரிக்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சிற்பி பேசிக்கொண்டே போனாள். சிலைக்கு வலது கை முழுதாகத்தான் இருந்ததாம். விரல் நுனி தரையைத் தொடும்படி செதுக்கியிருந்தாளாம். போன மழையில் அது ஒடிந்து காலடியில் விழுந்தது. விழுந்த கை தரையோடு மக்கிப் போவதை, அதில் காளான் பூப்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. சிலைப் பெண் எதை எடுக்கக் குனிந்தாளோ, அவள் கையே அதுவாக ஆகிவிட்டது பாருங்கள் என்றாள். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதம் போனபோது கை இல்லை.

"நீங்க அவ்வளவு நாள் அங்கயே இருந்தீங்களே, கால்கிட்ட ஒரு கட்டை கெடந்திருக்குமே, பாத்தீங்களா?"

"இல்லைங்களே, கவனிக்கல" என்றாள் கரிக்கை. நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

சிற்பி பெருமூச்சு விட்டாள். காவலாளிதான் அடுப்பெரிக்க எடுத்திருக்க வேண்டும், இல்லை இல்லை என்று சத்தியம் செய்கிறார், தன்னால் நம்ப முடியவில்லை என்றாள். அவரை வேலையிலிருந்து எடுத்துவிடும்படி அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியிடம் சொல்லிவிட்டாளாம். இப்போதைக்கு வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

கரிக்கை ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, பின்னால் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கழுவ எதுவும் இல்லை. அன்று கண்காட்சிக்குத் துணையாக வந்திருந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்துப் பின்னாலேயே வந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், டப்பாவைத் திறந்தபோது பார்த்த நகம் உட்பட. அவன் குழாயை மூடினான்.

"கரியாயிடுச்சு. இனிமே யாருக்குத் தெரியப் போவுது" என்றான் முதலில். பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. "அந்த ஆளுக்குக் குடும்பம் இருக்கா?"

"தெரியாதுங்க. கேட்டதே இல்ல."

அத்தனை மாதம் அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவள், அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு முகம் எரிந்தது. அவன் வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

சிற்பி மாடிப்படிக்குப் பக்கத்தில் வாசல் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். கரிக்கை அவள் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல நினைத்த வரிசையெல்லாம் குழம்பிவிட்டது. கை என்று தெரியாமல் கட்டையைத் தான்தான் எடுத்ததாகவும், சுட்டதாகவும், நடுச் சுவர்ப் படம் அந்தக் கரியில் வரைந்ததுதான் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். காவலாளிக்கு ஒன்றும் தெரியாது என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

சிற்பி அட்டையை விட்டுப் படத்திடம் நடந்தாள். உள்ளங்கையைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் வைத்துக்கொண்டு நின்றாள். அறையில் இருந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள்.

"எடுத்தப்ப தெரியல. சரி. கரியாப் பாத்தப்ப தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அதை யாரும் மறுத்திருக்க முடியாது. நாத்தனார் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகரும் இருந்தார்.

"தெரிஞ்சுது" என்றாள் கரிக்கை.

சிற்பி திரும்பவில்லை. "படம் நல்லா இருக்கு. அதான் தாங்கல" என்றாள்.

கழற்றிவிடுகிறேன் என்று கரிக்கை ஆணியை நோக்கிக் கையைத் தூக்கினாள். வேண்டாம் என்று சிற்பி தடுத்தாள். கழற்றி வைத்தால் மறைத்துவிடலாம் அல்லவா, அது இருக்கட்டும், அந்த அட்டையை மட்டும் மாற்றுங்கள் என்றாள். படியில் இறங்கும்போதே கமிட்டிக்குப் போன் போட்டு, காவலாளி எடுக்கவில்லை, என் தப்பு என்று அவள் சொல்வது மேலே கேட்டது.

வாசல் அட்டையை எடுத்துவிட்டு, நடுச் சுவர்ப் படத்துக்குக் கீழே வைக்கக் கரிக்கை புதிய அட்டை எழுதினாள். இந்தப் படத்தின் கரி இந்தச் சிலையின் கை. தெரிந்தும் வரைந்தேன் என்று எழுதினாள். இந்தத் தடவை எழுத்து அழகாக வரவில்லை. கண்காட்சி முடியும்வரை அந்த அட்டை அங்கேயே இருந்தது, அவளும் பக்கத்திலேயே இருந்தாள். படித்தவர்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு அவள் கையைப் பார்த்தார்கள். எவ்வளவு ஆழமான கற்பனை என்று ஒருவர் வந்து கைகுலுக்கியதுதான் எல்லாவற்றிலும் மோசம். கற்பனை இல்லைங்க, திருடினது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. வாசலில் மாட்டுவதற்கு அந்தப் படத்தைத் தரும்படி கேட்டிருந்த நூலகர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாத்தனார் அட்டையைப் படித்துவிட்டு, அவள் சுபாவத்துக்கே விரோதமாக, கேலி பேசாமல் படியிறங்கிப் போனாள். சாயங்காலம் மட்டும் வந்து, "அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்க, நான் உக்காந்துக்கறேன்" என்றாள். கரிக்கை போகவில்லை.

படங்களை இறக்கிய மறுநாள், மிச்சமிருந்த கரித் துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு காட்டுக்குப் போனாள். காவலாளி வாசலில் தன் நாற்காலியில் இருந்தார். அவள் ஆரம்பிப்பதற்குள், அந்தம்மா போனில் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க வீட்டுலகூட நம்பலம்மா. எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடுங்களேன்னாங்க."

அவள் மன்னிப்புக் கேட்டாள். சரி சரி என்றார். வீட்டில் யார் யார் என்று இப்போது கேட்பது அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது, கேட்கவில்லை. உள்ளே போய்ச் சிலையின் காலடியில் சருகை விலக்கி, கரித் துண்டுகளை மண்ணில் வைத்து மூடினாள். நிமிர்ந்து அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. வந்த வழியே திரும்பினாள்.

அவளுக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி பெரிய பையோடு வெளியே போனார்கள். காவலாளி அவர்களுக்குத் தலையசைத்தார். அவள் வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"பையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "இனிமே எல்லாருக்கும் இப்படித்தான்."

அவள் பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, வரைதாள் புத்தகம். அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கரித் துண்டு. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்பது போல் அவளைப் பார்த்தார்.

"அது கடையில வாங்கினதுங்க."

உண்மைதான். நேற்றுத்தான் வாங்கினாள், இனிமேல் எதையும் சுடுவதில்லை என்று. ஆனால் கவனிக்கல என்று சிற்பியிடம் சொன்ன அதே குரலில்தான் இதுவும் வந்தது. காவலாளி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் நுனியைத் தடவினார். பிறகு பெட்டியில் போட்டு மூடி, பைக்குள் வைத்தார்.

"சரி, போங்க" என்றார்.

நம்பினாரா என்று அவள் கேட்கவில்லை. பேருந்து நிற்கும் இடம்வரை பையின் வாயை மூடாமலே நடந்தாள்.