பூவு என்று கூப்பிட்ட வாய்

பக்கவாதத்தில் விழுந்த துலுக்கானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும், பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை "அக்கா". பூங்காவனத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பூவு, பூவு" என்று வாய் ஓயாமல் கூப்பிட்ட மனுஷன்! சென்னை பாடியில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டியவன். ஆளெல்லாம் தெரிகிறது, பேர்தான் வரவில்லை. சாவியைக் காட்டினால் பூட்டு என்பான், பசுவைக் காட்டினால் ஆடு என்பான். கட்டினவளையே அக்கா என்கிறானாம் என்று வெள்ளானூர்க் குழாயடியில் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தொண்ணூற்று மூன்றில், டாக்டர் சொல்லி குணசேகரன் என்ற ஆராய்ச்சி மாணவன் வீட்டுக்கு வந்தான். மூளை நரம்புகள் பின்னிக் கிடப்பதைப் போலவே கம்ப்யூட்டருக்குள் ஒரு பின்னலை உண்டாக்கி, அதற்குப் பேர்கள் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. துலுக்கானத்திடம் படங்களைக் காட்டி, எங்கெங்கே தப்பாகச் சொல்கிறான் என்று பார்த்தான். பிறகு இரண்டு பேரையும் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கே அழைத்துப் போனான்.

அங்கே, பேர்கள் கற்றிருந்த பின்னலில், பக்கவாதம் தாக்கிய மூளையைப் போல ஆக்க, சில இணைப்புகளை வெட்டிவிட்டுப் பசுவின் அடையாளங்களைக் கொடுத்தான். "ஆடுன்னு சொல்லுது பாருங்கம்மா" என்றான்.

"ஐயோ, எங்காளு மாதிரியே சொல்லுதே!"

தப்பாகச் சொல்லும்போதெல்லாம் தப்பு என்று உணர்த்தி, சரியான பேரைக் கொடுத்து, திரும்பத் திரும்ப ஓட்டினான். சாயங்காலத்துக்குள் வெட்டுப்பட்ட பின்னல் பசுவைப் பசு என்றது.

"அப்ப இவுரும் தேறிடுவாரா தம்பி?"

"மனுஷ மூளை வேறம்மா. உறுதியா சொல்ல முடியாது."

அது அவள் காதில் ஏறினால்தானே! அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். "நான் யாரு, சொல்லுயா."

"அக்கா."

"தப்பு! பூவு. இன்னொருவாட்டி சொல்லு."

"அக்கா."

"தப்பு!"

பேர் வரும்வரை தட்டு அவன் பக்கம் நகராது. சோறு ஆறிப்போகும். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டும், அவளுக்கும்தான். பாவி, ஆசையில்தான் செய்தாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி இது, கொயந்தைய மெரட்ற மாதிரி? உட்ருடி அந்தாள!"

"ஒனக்கு இன்னா தெரியும்? மிஷினே தேறிடுச்சு, மனுசன் தேறமாட்டானா?" என்று பூங்காவனம் சீறினாள்.

ஆடி பிறப்பதற்குள் துலுக்கானம் பேச்சையே விட்டுவிட்டான். அக்காவும் இல்லை, ஆடும் இல்லை. பசித்தால்கூட வாய் திறப்பதில்லை.

குணசேகரன் மறுபடி வந்து படங்களை நீட்டியபோது துலுக்கானம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நடந்ததைக் கேட்டதும் அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. "கம்ப்யூட்டரை ஆயிரம் தடவை தப்புன்னு சொல்லலாம்மா. அதுக்கு வலிக்காது" என்றான். அதற்கப்புறம் அவன் வரவேயில்லை.

அவன் வந்துபோன அன்றைக்குப் பூங்காவனம் சோற்றைப் பிசைந்து தானே ஊட்டப் போனாள். "பேரு வோணாயா. அக்கான்னே கூப்புடு. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். ஒரேவாட்டி கூப்புடுயா."

அவன் அவளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். பிறகு விளங்குகிற கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.