மலிவான டயரைக் காட்டிய பெண்

கடைக்காரர் ஒருவர் விலை கூடிய சாமானை என் தலையில் கட்டப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அது அவருடைய தொழில். மலிவானதைக் காட்டி, உங்களுக்கு இதுவே போதும் என்று சொன்னால்தான் நான் விழித்துக்கொள்வேன். மழையில் நனைந்ததோ, எலி கடித்ததோ, போன வருடத்து மிச்சமோ, ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது என்பது என் துணிபு. இந்தத் துணிபை வைத்துக்கொண்டு ஒஸ்லோவில் இருபது வருடங்களுக்கு மேல் ஏமாறாமல் சீவித்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை அது என்னை ஓர் ஏற்றத்தின் நடுவில் குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பாளர். பல்பு மாற்றுவேன், பூட்டுத் திருத்துவேன், பனிக்காலத்தில் பிள்ளைகள் வழுக்கி விழாமல் முற்றத்தில் சிறுகல் தூவுவேன். இப்படிப்பட்ட ஓர் ஆள், ஐம்பத்துமூன்றாவது வயதில், முந்நூறு குதிரைவலுவுக்கு மேலுள்ள ஜெர்மன் கார் ஒன்றைப் பழசாக வாங்கினான். பின்சில்லால் ஓடுகிற கார், வலு முழுவதும் பின் சக்கரத்துக்கே. முன் பிறேக் தட்டு எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை விடப் பெரியது. இந்த நாட்டு வேகக் கட்டுப்பாட்டில் அந்தக் குதிரைகளில் முக்கால்வாசி எந்நேரமும் லாயத்தில் படுத்துத்தான் கிடக்கும். ஆனாலும் அவை அங்கே இருக்கின்றன என்ற நினைப்பில் ஒரு சுகம் இருந்தது.

இங்கேயே பிறந்து, பொறியியல் படிக்கிற என் மகள், காருக்கு 'அப்பாவின் நடுவயது நெருக்கடி' என்று பெயர் வைத்தாள். மனைவி பெயர் ஒன்றும் வைக்கவில்லை. காரை ஒருமுறை சுற்றி வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், புதிதாக வந்து சேர்ந்த முதியவரின் நிலைமையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இஞ்சருங்கோ, இதைப் பகிடியா எடுக்கக்கூடாது. பனிக்குள்ளை இந்தக் கார் ஒரு ஏத்தத்திலை ஏறாமல் நிண்டால், அடுத்த கிழமையே வித்துப்போட்டு வாறியள்."

நான் ஓம் என்றேன். அது மே மாதம். மே மாதத்தில் ஒஸ்லோவில் மனிதன் எதற்கும் ஓம் சொல்வான்.

அக்டோபர் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கார் தப்ப வேண்டுமென்றால் டயர் சரியாக அமைய வேண்டும். இங்கே பனிக்கால டயரில் முதல் கேள்வி, ஆணி வைத்ததா, வைக்காததா என்பது. ஆணி கண்ணாடி போன்ற பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். ஆனால் வெறும் தார் வீதியில் அரிசி ஆலை மாதிரிச் சத்தம் போடும், ஒஸ்லோவுக்குள் ஓட்டத் தனிக் கட்டணமும் உண்டு. ஆணி இல்லாததற்கு நோர்வேஜிய மொழியில் 'பிக்ஃப்ரி' என்று பெயர். பிக் என்றால் ஆணி.

இந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கடையின் பலகையில் 'பிக்ஃப்ரி' என்று கண்டேன். தமிழன் காதில் ஃப்ரீ என்று விழுந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. டயர் வாங்கினால் ஆணி இலவசம் என்று முடிவுகட்டி நாலு டயர் வாங்கினேன். காசைக் கொடுத்துவிட்டு ஆணிக்காகக் காத்து நின்றேன். இன்னும் என்ன என்று கடைக்காரர் கேட்டார். ஆணி எங்கே என்றேன். இது பிக்ஃப்ரி, ஆணி இல்லை என்றார். ஓம், அதைத்தான் கேட்கிறேன், தாருங்கள் என்றேன். கால்மணி நேரம் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சண்டை பிடித்தோம். கடைசியில் வரிசையில் நின்ற ஒரு கிழவர், அந்தச் சொல்லில் ஃப்ரி என்றால் 'இல்லாதது' என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அன்று முதல் நோர்வேஜிய மொழியில் எந்த நல்ல சொல்லைக் கண்டாலும் அதன் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்த சந்தேகம் என் சகலன் மேல். மனைவியின் தமக்கையின் கணவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒஸ்லோவின் தென்கோடியில், பியோர்ண்டாலில் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறார். நாலு சில்லும் இழுக்கிற சின்னப் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சீவிக்கிற மனிதர். கோடையில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஸ்டோவ்னருக்கு வந்தவர், என் காரின் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். திறப்புக் கேட்கவில்லை, சாவி இல்லாமல் எஞ்சினையும் கிளப்பவில்லை. அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார். இறங்கும்போது சொன்னார்: "தம்பி, எப்பவாவது விக்கிற யோசனை வந்தால், வெளியாக்களுக்குக் குடுத்துப்போடாதையும்."

காரணமில்லாமல் ஒரு சகலன் இப்படிச் சொல்வாரா? அதே சகலன்தான் அக்டோபரில் தொலைபேசி எடுத்து, பின்சில்லுக் காருக்கு ஆணி டயர்தான் போட வேண்டும் என்று விடாமல் சொன்னார். நான் கணக்குப் போட்டேன். ஆணி போட்டால் சத்தம். சத்தத்தில் மனைவிக்குத் தலையிடி. தலையிடி வந்தால் கார் விற்பனைக்கு. விற்பனைக்கு வந்தால் வெளியாட்களுக்குக் கொடுக்கக்கூடாது. வடிவான திட்டம் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டு, ஆணி இல்லாத டயரே போடுவதென்று தீர்மானித்தேன்.

ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு டயர்க் கடை. அறுபது வயது மதிக்கத்தக்க நோர்வேஜியப் பெண்மணிதான் முதலாளி. நரைத்த பின்னல், கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு சொல் செலவழிக்காத ஆள். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டையும் பொருத்திப் பார்க்கச் சற்று நேரம் எடுத்தார். எங்கே ஓட்டுகிறாய் என்று கேட்டார்.

உண்மையான பதில் இது: பள்ளிக்கூடம், கோயில், ஸ்டோவ்னர் கடைத்தொகுதி, சகலன் வீடு. ஆனால் முந்நூறு குதிரைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? சில வேளை ஜெர்மனிக்கும் போவேன் என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனிக்கு நான் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன், கலியாண வீடொன்றுக்கு. விமானத்தில்.

ஆணி இல்லாத டயரில் இரண்டு சாதி உண்டு என்று அவர் விளக்கினார். ஒன்று ஜெர்மனி போன்ற இடங்களுக்குச் செய்தது. அங்கே பனி விருந்தாளி, வரும், போகும். ஆகவே ரப்பர் கொஞ்சம் இறுக்கம். ஈரத்திலும் வேகத்திலும் திறம். மற்றது எங்கள் பக்கத்துக்குச் செய்தது. இங்கே பனிதான் வீட்டுக்காரன். ரப்பர் மெத்தென்று இருக்கும், மேல் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுகள், குளிரிலும் இறுகாமல் பனியைத் தழுவிப் பிடிக்கும். டயரின் பக்கத்தில் அது தாங்கும் வேகத்துக்கு ஓர் எழுத்துப் போட்டிருப்பார்கள். மெத்தென்றதன் எழுத்துக் குறைந்த வேகத்துக்கு உரியது. விலையும் குறைவு. அவர் அதைத்தான் காட்டினார். நீ ஒஸ்லோவில் இருக்கிறாய், இதை எடு என்றார்.

என் முதுகு நிமிர்ந்துவிட்டது. மலிவானது. தானாகவே காட்டுகிறார். தேங்கிய சரக்குத்தான்.

டயருக்கும் சாதகம் உண்டு. பிறந்த கிழமையும் வருடமும் நாலு எண்ணாகப் பக்கத்தில் பொறித்திருக்கும். முழங்காலில் நின்று நாலு டயரின் சாதகத்தையும் பார்த்தேன். எல்லாம் அந்த வருடமே பிறந்த பிள்ளைகள். மற்றவனுக்கு இதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். எனக்குக் கூடியது. புதுச் சரக்கை ஏன் மலிவாகத் தள்ளிவிடப் பார்க்கிறார்? ஒருவேளை என் வேலைக் காற்சட்டையைப் பார்த்து, இவனுக்கு இதுவே போதும் என்று நினைத்துவிட்டாரோ? அந்த நினைப்பு வந்தபிறகு வேறு வழியில்லை. விலை கூடியதைத் தரச் சொன்னேன். பெரிய எழுத்துப் போட்டது, ஜெர்மன் வீதிக்குச் செய்தது.

அவர் என்னை மறிக்கவில்லை. "யா, யா" என்றார்.

அந்த மொழியில் ஒரு யா என்றால் ஓம். இரண்டு யாவை மெல்ல இழுத்துச் சொன்னால், உன் தலை, உன் விதி. இருபது வருடத்தில் எனக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதை இரண்டு ஓமாகக் கணக்கில் எடுத்தேன்.

நவம்பர், டிசம்பர் முழுக்க மழையும் காய்ந்த வீதியும். கார் தண்டவாளத்தில் போவதுபோல் போனது. சகலனின் ஆணி, கடைக்காரியின் மெத்தை டயர் என்று இரண்டு பொறியிலிருந்தும் தப்பியவன் என்ற பெருமையில் பள்ளிக்கூடத்தில் சீட்டியடித்துக்கொண்டு பூட்டுத் திருத்தினேன்.

தைப்பொங்கலுக்கு மத்தியானச் சாப்பாடு சகலன் வீட்டில். அன்று விடியத் தொடங்கிய பனி நிற்கவே இல்லை. நெடுஞ்சாலையில் உப்புப் போட்டிருந்தார்கள், பியோர்ண்டால் வரை ஒரு குறையும் இல்லை. சகலன் வீட்டு ஏற்றத்தில் உப்பு இல்லை. முன்னால் போன வாகனங்கள் மிதித்து மிதித்துப் பனி பீங்கான் மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. கார் பாதித் தூரம் ஏறியது. பிறகு வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் நின்றது. பின்சில்லு சுற்றுகிறது, கார் போகவில்லை. நான் காஸை இன்னும் அழுத்தினேன். பின்பக்கம் மெல்ல இடப்பக்கமாகப் புறப்பட்டது.

"அப்பா, காஸ் குடுக்காதேங்கோ" என்றாள் மகள் பின்னாலிருந்து. "குடுக்கக் குடுக்க மோசம்."

கார் வீதிக்குக் குறுக்கே நின்றுவிட்டது. கீழே ஒரு பஸ் வந்து, எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுபோல் கதவைத் திறந்தது. மனைவி இருக்கைப் பட்டியைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து இரண்டு ரப்பர் வார்களை எடுத்துச் சப்பாத்துக்கு மேல் மாட்டினாள். முதியோர் இல்லத்தில் வேலைக்காரருக்குக் கொடுக்கிற சாமான், அடியில் சின்னச் சின்ன ஆணிகள். வடைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சரக், சரக் என்று ஏற்றத்தில் நேராக நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தப் பாதத்தைப் பார்த்தபோதே கார் விற்கப்பட்டுவிட்டதென்று எனக்கு விளங்கிவிட்டது.

சிறிது நேரத்தில் சகலன் இறங்கி வந்தார். வேட்டி, அதற்கு மேல் தடித்த ஜக்கெற், காலில் பூட்ஸ், கையில் கல் வாளி. காரைச் சுற்றி வந்தவர், குனிந்து பின் டயரைத் தடவிப் பார்த்தார்.

"இந்த டயரை ஆர் தெரிஞ்செடுத்தது?"

"நான்தான்."

"கடையிலை ஒண்டும் சொல்லேல்லையே?"

"சொன்னவ. வேறை டயர் வேண்டச் சொன்னவ."

"பிறகேன் இது?"

"அது மலிவா இருந்தது, அண்ணை."

அவர் வாளியைக் கீழே வைத்தார். இப்போது காருக்கு விலை கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கல்லைத் தூவினார், மெல்ல விடும் என்றார். மகளும் சகலனும் தள்ள, பஸ் சாரதியும் இறங்கி வந்து தள்ள, முந்நூறு குதிரைகளும் மூன்று பேருமாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சாப்பாட்டு மேசையில் சகலனுக்கு நேரெதிரே உட்கார்ந்தேன். அவர் காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. கடைசியில் நானே கேட்டுவிட்டேன், காருக்கு எவ்வளவு தருவீர்கள் என்று. அவர் சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் குடித்தார்.

"எனக்கென்ன விசரே, இந்த மேட்டிலை இருந்துகொண்டு அதை வேண்ட? அந்தச் சீற்று என்ரை முதுகு நோவுக்கு நல்ல சுகமா இருந்தது. விக்கிறதெண்டால் அதைக் கழட்டித் தாரும், ரீவிக்கு முன்னாலை போட."

ஐந்து மாதமாக நான் கட்டிய கோட்டை ஒரு கதிரையில் வந்து முடிந்தது. ஆனால் வாக்கு வாக்குத்தான். மனைவி வடையைப் பரிமாறிக்கொண்டே, எப்ப விளம்பரம் போடுறியள் என்று கேட்டாள். நான் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான் வாதாட வந்தாள்.

"அம்மா, கார் ஒண்டும் செய்யேல்லை. டயர்தான் பிழை. டயரைத் தெரிஞ்செடுத்த ஆளைத்தான் விக்கோணும்."

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. மனைவி கொஞ்சம் யோசித்தாள். என்னை விற்றால் என்ன வரும் என்று பார்த்திருப்பாள் போலும், முகம் அவ்வளவு திருப்தியாக இல்லை. பிறகு கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ. பனி போகுமட்டும் காரை நான் ஓடுறன். இன்னொருக்கா நிண்டால் கதையில்லை, வித்தாச்சு."

திங்கட்கிழமை இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். பெண்மணி என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. மனைவி நோர்வேஜிய மொழியில் மூன்று வசனம் சொன்னாள்: ஸ்டோவ்னரில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை, பியோர்ண்டாலில் அக்கா. பெண்மணி அதே மெத்தென்ற டயரைக் காட்டினார். மனைவி நன்றி என்றாள். இரண்டு நிமிடத்தில் காரியம் முடிந்தது. நான் சாதகம் பார்க்கக் குனிந்தேன். மனைவி பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, அதே ஏற்றம், அதே பீங்கான் பனி. மனைவி காலை மெல்ல வைத்தாள். கார் ஏறிப் போய் சகலன் வாசலில் நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த நான்தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

கார் தப்பிவிட்டது. எனக்கு இப்போது புதுச் சந்தேகம். மனைவி ரயிலை விட்டுவிட்டுக் காரில்தான் வேலைக்குப் போகிறாள். முதியோர் இல்லத்திலிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிட ஓட்டம். அவள் வர ஒரு மணி நேரம் எடுக்கிறது. கேட்டால், வழுக்குது, மெல்லத்தான் வந்தனான் என்கிறாள். ஒருநாள் கண்ணாடி துடைக்கிற சாட்டில் உள்ளே எட்டிப் பார்த்தேன். வேக ஓட்டத்துக்கான பொத்தான் அமுக்கியபடி இருந்தது. நான் அதை ஒருநாளும் தொடத் துணிந்ததில்லை.

ஏப்ரல் கடைசியில் புல் தெரியத் தொடங்கியதும் திறப்பைக் கேட்டேன். அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். வானம் நீலமாக இருந்தது.

"இன்னும் ஒரு பனி வரும்" என்றாள். "ஒஸ்லோவை நம்பக்கூடாது."