ஏழு காலிக் கட்டங்கள்

அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல விதமாக அறிந்தவர்கள். இதை எழுத என்னைவிடப் படித்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் அக்காவின் ஆய்வேட்டில் நடந்த ஒரு காரியம் எனக்குத்தான் முழுதாகத் தெரியும். அதனால் அக்காவின் கணவர், என் மாமா, என்னை எழுதச் சொன்னார்.

அக்கா பிறந்தது கடப்பேரியில், தண்டவாளத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில். அப்பா கொத்தனார். சாரம் சரிந்து அவர் இறந்தபோது அக்கா பிளஸ் டூ முடித்திருந்தார், நான் எட்டாவது. நான் படிப்பை விட்டேன், அக்கா விடவில்லை. தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, அஞ்சல் வழியில் இரண்டு பட்டங்கள் வாங்கினார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டுகளில் நான் சூரத்திலும் ஓசூரிலும் இன்னும் பெயர் மறந்த ஊர்களிலும் இருந்தேன். ஒரே இடத்தில் நிற்க எனக்கு வராது. திரும்பி வந்தால் அக்கா திட்டமாட்டார். என் பையைத் திறந்து, துவைக்க வேண்டியதை வாளியில் போட்டுவிட்டு, "இந்தத் தடவ எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்பார்.

திருமணமாகிச் செம்பாக்கம் வந்த பிறகு, நாற்பது வயதுக்கு மேல், பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். எடுத்துக்கொண்டது வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரியைத்தான். அந்தத் தண்ணீர் எந்தக் காலத்தில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, ஏன் கலங்குகிறது என்பது கேள்வி. ஞாயிறுதோறும் மதகு மேடையிலிருந்து, கறுப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அந்த ஆழத்தை நோட்டில் எழுதுவார். இரண்டு ஆண்டுகள் இப்படி எழுத வேண்டும்.

முதல் ஆண்டு ஐப்பசியில் அக்காவின் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்த்தோம். நான் அப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தேன், தங்குவதும் அங்கேதான். அக்கா கட்டிலில் படுத்தபடி தட்டையும் நோட்டையும் என்னிடம் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம், அவ்ளோதான்டா" என்றார். சரி என்றேன்.

அடுத்த வாரம் பட்டறையிலிருந்து நாக்பூருக்கு லோடு கிளம்பியது. நானும் வண்டியில் ஏறிவிட்டேன். போன இடத்தில் வேலை நீண்டு, திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் அளந்துவிட்டேன் என்றேன். தாம்பரத்தில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, முந்தைய வாரங்களைப் பார்த்து, ஏழு எண்களை எழுதி நோட்டைக் கொடுத்தேன். மழை வாரங்களில் தண்ணீர் கலங்கியிருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பின், அக்கா எழுந்து நடமாடும்வரை, ஞாயிறுதோறும் நான் போய் அளந்தேன்.

ஆண்டுகள் போயின. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ், மற்ற நாள் கல்லூரி, மீதி நேரத்தில் எழுத்து என்று அக்கா ஆய்வேட்டை முடித்தார். வாய்மொழித் தேர்வு அன்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். வடையும் காபியும் சுமந்து போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

"மழை கொட்டின வாரங்கள்ல போய் தண்ணி தெளிவா இருந்திருக்கே! எப்படிம்மா?"

அக்கா எழுந்து நின்று, ஆகாயத்தாமரையின் வேர்கள் வண்டலைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்று விளக்கினார். நான்காம் அத்தியாயத்தில் அதற்கு ஒரு பகுதியே எழுதியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து போய்க் காபி டம்ளர்களைக் கழுவினேன்.

மறுநாள் காலை அக்கா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். இறுதிப் பிரதியைப் பல்கலைக்கழகத்தின் மின் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால் பட்டம் உறுதி. அது ஒன்றுதான் பாக்கி.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

"கெளம்பிட்டியா? எந்த ஊரு?"

"ஊரு இல்ல. அந்த மழ வாரத்து நோட்டு கீதுல்ல, அது நான் அளக்கல. குத்துமதிப்பா எழுதினேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினி வாரம்?"

"ஏழு."

"நீ எங்க இருந்த?"

"நாக்பூர்ல."

சமையலறையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "நாக்பூர்ல குந்திகினு செம்பாக்கம் ஏரிய அளந்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான், மச்சான்."

அக்கா சிரிக்கவில்லை. எந்த ஏழு என்று கேட்டார். முதல் ஞாயிறு நெல்லூரில் டயர் மாற்றியது, அடுத்தது விஜயவாடாவில் காய்ச்சல் என்று நான் ஊர் ஊராகச் சொல்லச் சொல்ல, பட்டியலில் பென்சிலால் குறித்தார். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் துணியும் பையிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் என்னையும் அழைத்துக்கொண்டு வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்கப் போனார். அவர் நல்ல மனிதர். கவலைப்பட்டார்.

"இப்ப மாத்தினா அந்தத் தேர்வாளருக்குத் திரும்ப அனுப்பணும். எத்தனை வாரம் ஆகும்னு தெரியாது. உன் உடம்பு இருக்கற நிலைமைல வேணுமாம்மா? ஒரு பட்டியல்தானே?"

"பேப்பரா இருந்தா அலமாரில தூங்கும் சார். இது சைட்ல ஏறப்போவுது. பத்து வருஷம் கழிச்சி யாராவது அந்த ஏரியப் பத்திப் படிக்க வந்தா, இவன் டீக்கடைல எழுதின நம்பர நம்பி கணக்கு போடுவாங்க."

அக்கா ஏழு எண்களையும் அழித்தார். ஆகாயத்தாமரைப் பகுதியை முழுதாக எடுத்தார். சராசரிகளைத் திரும்பப் போட்டார். பட்டியலுக்குக் கீழே ஒரு குறிப்புச் சேர்த்தார்: இந்த ஏழு வாரங்களில் அளவு எடுக்கப்படவில்லை, எடுக்க வேண்டியவர் வெளியூரில் இருந்தார். நன்றிப் பக்கத்தில் 'வாரம் தவறாமல் அளந்த என் தம்பிக்கு' என்று இருந்ததில் முதல் இரண்டு சொற்களை எடுத்துவிட்டார். மீதியை விட்டுவைத்தார்.

தேர்வாளரின் ஒப்புதல் வர ஐந்து வாரமாயிற்று. அதற்குள் டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று முறை ஆனது. மாமா ஒரு நாள் மருத்துவமனை வாசலில் என்னிடம் சொன்னார்: "அவளுக்கு இருக்கறதே கொஞ்ச நாளு. அதுல அஞ்சு வாரத்த நீ எடுத்துக்கினடா." அவர் சொன்னது நியாயம். அந்த ஐந்து வாரமும் நான் எந்த ஊருக்கும் போகவில்லை.

ஒப்புதல் வந்த அன்று பகலிலேயே அக்கா ஒவ்வோர் அத்தியாயமாக ஏற்றினார். கடைசிப் பொத்தான் வந்ததும் அதை அழுத்த நான் குனிந்தேன்.

"நீ தொடாத. நீ தொட்டா நாக்பூர் போயிடும்."

அன்று மாலை என் பை காலியாக இருந்தது. துணியெல்லாம் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, அக்கா டயாலிசிஸில் இருந்தபோது அவர் தொலைபேசி என் கையில் ஒலித்தது. பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஓர் அலுவலர்.

"நூத்திப் பதினாறாம் பக்கத்துல ஏழு கட்டம் காலியா இருக்கே. டைப்பிங்ல விட்டுட்டீங்களா? இருந்தா நெரப்பி அனுப்புங்க சார்."

"இல்ல சார். அது காலிதான். அந்த ஏழு வாரம் அளக்கல."

"அளக்க வேண்டியவர் வெளியூர்னு கீழ போட்டிருக்கு. யார் அது?"

"நான்தான் சார்."

"சரி சார், அப்ப அப்படியே ஏத்துக்கறோம்" என்றார். அரை மணி நேரத்தில் ஆய்வேட்டின் இணைப்பு மின்னஞ்சலில் வந்தது. அக்கா வெளியே வந்ததும் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளி அந்தப் பக்கத்துக்கே போனார். காலிக் கட்டங்களைப் பார்த்தபின் தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, "பசிக்குதுடா, இட்லி வாங்கு" என்றார்.

இருபது நாள் கழித்து அக்கா போய்விட்டார். பட்டச் சான்றிதழை மாமா கையெழுத்திட்டு வாங்கினார்.

அக்காவை மூன்று ஆண்டு தூக்கி ஏற்றி இறக்கிய ஆட்டோ அண்ணாவுக்கும், டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், ஆய்வகத்துத் தோழிகளுக்கும், அவசரப்படுத்தாமல் காத்திருந்த பேராசிரியருக்கும், காரியங்களில் கூட நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் வீட்டார் சார்பில் கைகூப்புகிறேன்.

ஆய்வேட்டின் இணைப்பை இந்த மலரின் பின் அட்டையில் அச்சிட்டிருக்கிறோம். யாரும் திறந்து படிக்கலாம். திறப்பவர்கள் நூற்றுப் பதினாறாம் பக்கம் வரை போங்கள். அங்கே ஏழு கட்டங்கள் காலியாக இருக்கும். அவற்றில் பிழை எதுவும் இல்லை.