கென்மொட்சுவின் தொண்டை

முரோத்தா ஷிகேயோஷியை ரயிலில் பார்த்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குட்டையான ஆள், சரிந்த தோள், கோடையிலும் கழுத்தைச் சுற்றி ஒரு துணி. ஆனால் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பெட்டியில் பாதிப் பேர் கழுத்தைத் திருப்புவார்கள். அந்தத் தொண்டை அவருடையது என்று யார் நினைத்தார்கள்? அது கென்மொட்சுவின் தொண்டை.

கென்மொட்சு யாரென்று தோக்கியோவில் கேட்டால் சிரிப்பார்கள். வருஷக்கணக்காகத் தொலைக்காட்சியில் ஓடும் கார்ட்டூன் தொடரில் வருகிற வாள்வீரன் அவன். கள்ளநோட்டு அடிக்கும் கும்பலின் கதை. தலைவன் ஒரு வாயாடி, கூட்டாளி ஒரு சூதாடி, மூன்றாவது ஆள் இவன். மற்றவர்கள் கோட்டும் துப்பாக்கியுமாக ஓடும்போது இவன் மட்டும் பழங்கால அங்கியும் வாளுமாக நிற்பான். சிரிக்க மாட்டான், அழமாட்டான், குண்டு பாய்ந்தாலும் முனக மாட்டான். தன்னை 'நான்' என்றுகூடச் சொல்ல மாட்டான். 'செஷ்ஷா' என்பான். அடியேன் என்பதுபோல அந்தக் காலத்து வீரர்கள் தங்களைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்ட சொல். இன்று உயிரோடிருக்கும் ஒருவரும் பேசாத பேச்சு.

முரோத்தாவுக்கு அந்த வேடம் கிடைத்ததே அதனால்தான். மனிதர் அக்கித்தா மாநிலத்தில், கூரை முட்டப் பனி விழும் ஒரு ஊரில் பிறந்தவர். அந்த ஊர்ப் பேச்சு தோக்கியோக்காரர்களுக்குப் பாதி புரியாது, மீதிக்குச் சிரிப்பார்கள். நடிக்க வந்த முரோத்தா காதலனாகப் பேசினாலும் சிரித்தார்கள், டாக்டராகப் பேசினாலும் சிரித்தார்கள். செஷ்ஷா என்றபோதுதான் சிரிப்பு நின்றது. ஒருவரும் பேசாத பேச்சில் எவன் கொச்சையைக் கண்டுபிடிப்பான்?

இனுகாய் என்ற ஒலி இயக்குநர்தான் அவரைத் தேர்ந்தெடுத்தவர். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஊர்ப் பேச்சு பேசினால் மறுநாள் அது மைக்கில் வந்து நிற்கும், கென்மொட்சு வேண்டுமென்றால் அதைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வாருங்கள் என்று. முரோத்தா தலையாட்டினார். பிழைக்க வந்த இடத்தில் வேறென்ன செய்வார்?

அவர் தன் பேச்சை மட்டும் புதைத்துக்கொண்டிருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன்.

அவர் மனைவி தமாயோவும் அதே ஊர். கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சில் கொட்டிக் கவிழ்ப்பார்கள். ஒருநாள் இனுகாய் தம்பதி விருந்துக்கு வந்தார்கள். தமாயோ ஊரிலிருந்து வந்த முள்ளங்கி ஊறுகாயை, புகைபோட்டுக் காயவைத்து ஊறப்போட்டதை, தட்டில் அடுக்கி வைத்து, "கக்கோ சாப்பிடுங்க" என்றாள். அக்கித்தாவில் கக்கோ என்றால் ஊறுகாய். தோக்கியோக்காரர் காதில் அது பள்ளிக்கூடம் என்று விழும். இனுகாய் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தை எப்படிம்மா சாப்பிடுவது என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். தமாயோவும் சேர்ந்து சிரித்தாள். முரோத்தா மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அவர் மனைவியிடம் சொன்னது ஒன்றுதான். "இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சு வேண்டாம். என் பொழப்பு போயிடும்."

"சரிங்க" என்றாள் தமாயோ. அதையும் தோக்கியோ பேச்சில்தான் சொன்னாள்.

அன்றோடு அவள் பேச்சு சுருங்கிவிட்டது. அந்நிய பாஷையில் அளந்து அளந்து எத்தனை பேச முடியும்? வாங்க, போங்க, சாப்பாடு ஆச்சு, குளிக்கத் தண்ணீர் சூடாயிருக்கு. முரோத்தா பக்கத்து அறையில் வசனம் பழகும்போது சமையலறையில் ஒரு பாத்திரம் உரசாது. ஊறுகாயைக்கூட அவள் கடிக்க மாட்டாள். கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும், சுவர் மெல்லியது. வாயில் ஒதுக்கி, ஊறவைத்து, மெதுவாகக் கரைத்து விழுங்குவாள். மகள் மிசாவோ அதைப் பார்த்தே வளர்ந்ததால் உலகத்தில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் தின்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன், ஒருநாளாவது எட்டிப் பார்த்திருக்கலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கென்மொட்சுவின் மூச்சைப் பழகிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் பனி உருகும் சமயத்தில் தமாயோ சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. வலது கை போயிற்று, கண் மங்கிப் போயிற்று. ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுகொண்டாள். பேச்சு மட்டும் திரும்பி வந்தது. ஆனால் வந்தது தோக்கியோ பேச்சு அல்ல. புதைத்ததெல்லாம் அப்படியே கிளம்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த மினெகிஷி என்ற பெண், நல்ல பெண், மிசாவோவை வாசலுக்கு அழைத்துப்போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு கேக்குறாங்க. தன்னைச் சின்னப் பொண்ணா நினைச்சுக்கிறாங்க போல."

மிசாவோ வாசலில் நின்றே அழுதாள். பள்ளிக்கூடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, அவள் ஊறுகாய் கேட்கிறாள் என்று பின்னாலேயே வந்து நின்ற முரோத்தா மெல்லச் சொன்னார். மினெகிஷிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்களுக்குப் புரியுது! நீங்க அதே பேச்சுல பதில் சொல்லுங்க. தினமும் பேசுங்க. இப்ப இருக்கிற வழி அதுதான். நாள் தள்ளத் தள்ள மூடிக்கும்."

அங்கேதான் சிக்கல். அடுத்த வாரம் படத்துக்கு ஒலிப்பதிவு. தொடரை வைத்து எடுத்த பெரிய படம், கென்மொட்சுவுக்கு என்றுமில்லாத அளவு வசனம். முரோத்தாவுக்கு வயதாகிவிட்டது, மூச்சு குறைந்துவிட்டது, அந்த வேடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் படம் சரியாக வந்தால் கென்மொட்சு அவருடையது. ஒரு சொல் பிசகினால் வேறொருவனுடையது. இனுகாயின் பழைய எச்சரிக்கை காதிலேயே நின்றது. இப்போது ஊர்ப் பேச்சைத் திறந்துவிட்டால் மூட முடியுமா?

ஒரு வாரம்தானே என்று நினைத்தார். ஒலிப்பதிவு முடியட்டும், பிறகு நாள்முழுக்கப் பேசுகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தினமும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். தமாயோ மங்கிய கண்ணால் அவர் இருக்கும் பக்கம் பார்த்து ஏதேதோ கேட்டாள். கூரைப் பனியைத் தள்ளியாச்சா, மிசாவோ சாப்பிட்டாளா, ஏன் பேசமாட்டேங்கிறீர். அவர் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். நாலைந்து நாளில் அவள் கேட்பது குறைந்தது. அதற்குப் பிறகு, காலடிச் சத்தம் கேட்டாலே வாயை மூடிக்கொண்டாள். மினெகிஷி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இத்தனை கல்நெஞ்சா இந்த மனிதருக்கு என்று மிசாவோவிடமே கேட்டுவிட்டாள். அப்பா எப்பவும் இப்படித்தான் என்றாள் மிசாவோ.

ஒலிப்பதிவு நாளன்று முரோத்தா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனார். பசி வயிறு உறுமினால் மைக் விடாது. மதியம் தாண்டியிருந்தும் எல்லாரும் அந்தத் தொழிலின் வழக்கப்படி காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அவர் சரசரக்காத பருத்திச் சட்டையில் மைக் முன்னால் நின்று, தாள் திரும்பும் ஒலிகூட எழாமல் பக்கத்தைத் திருப்பி, கென்மொட்சுவைப் பேசினார். எப்படிப் பேசினார்! கும்பல் சிதறி, தனியாக நிற்கும் வாள்வீரன் பனியில் விடைபெறும் காட்சி. "செஷ்ஷாவுக்குத் திரும்பிச் செல்ல ஓர் இல்லம் இருந்ததில்லை" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இனுகாய், கிழவர் இப்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொல் பிசகவில்லை. கென்மொட்சுவை இனி யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது.

கைதட்டல் ஓய்வதற்குள் முரோத்தா செருப்பை மாட்டிவிட்டார். அக்கித்தாப் பொருள் விற்கும் கடைக்கு ஓடி, புகைபோட்ட முள்ளங்கி வாங்கி, ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தபோது மூச்சு இரைத்தது. மிசாவோவும் மினெகிஷியும் கட்டிலருகே இருந்தார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஊர்ப் பேச்சு நாக்கு நுனியில் நின்றது. தமாயோவின் முகத்துக்கு நேரே குனிந்து வாயைத் திறந்தார்.

"செஷ்ஷா வந்துள்ளேன்" என்றது தொண்டை.

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. தமாயோ இடது கையால் ஆஸ்பத்திரி அங்கியின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டாள். முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, சுத்தமான தோக்கியோ பேச்சில் சொன்னாள்.

"வாங்க. அவர் உள்ள வேலையா இருக்காருங்க. உட்காருங்க."

மினெகிஷி சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். விழுந்தபிறகு வந்த முதல் தெளிவான வாக்கியம். மிசாவோ அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் மினெகிஷியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

முரோத்தா ஒரு துண்டு முள்ளங்கியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் முகர்ந்தாள். கண் ஒரு கணம் விரிந்தது. கக்கோ என்று உதடு குவிந்து, உடனே அடங்கியது. தோக்கியோக்காரர் ஊறுகாய்க்குச் சொல்லும் சொல்லால் நன்றி சொன்னாள். "சுகெமோனோ. ரொம்ப சந்தோஷங்க." வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். நறுக்கென்ற சத்தம் வரவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள், தாடை மட்டும் மெல்ல மெல்ல. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைப் பார்த்தார். மிசாவோ பார்த்து வளர்ந்தது இதைத்தான். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கென்மொட்சு ஒருநாளும் அழாதவன், அதனால் அழுகிற தொண்டைக்கு அவன் துணை வரவில்லை. உடைந்த குரலில் என்னவோ கீச்சென்று வந்தது.

"கடிச்சுத் தின்னு ளா. நல்லா கடி. சத்தம் வந்தா வரட்டும்."

ஊர்ப் பேச்சுதான். ஆனால் அந்த உடைந்த குரலை அவள் எங்கே கேட்டிருக்கிறாள்? தமாயோ திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள். முகமெல்லாம் சிரிப்பாயிற்று. அவர் கையைத் தடவிப் பிடித்து, கிட்டே இழுத்து, ரகசியமாகக் கேட்டாள்.

"நீரு நம்மூரா? மெல்லப் பேசும் ஐயா. எங்க வீட்டுக்காரவியளுக்கு இந்தப் பேச்சு ஆகாது. அடுத்த ரூம்லதான் இருக்காவ, காதுல விழுந்துரும்."